மேகம், பாறை, உப்பு: கறுப்பு-வெள்ளையில் அருவுருவம்
(வாசகர் கேள்வி-பதில்)

ஆகாயத்தையும் பாறையையும் கறுப்பு-வெள்ளையில் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு ‘ஆன்மிகப் படம்’ என்கிறார்கள். சாமியும் இல்லை, கோயிலும் இல்லை. யார் இதை ஆரம்பித்து வைத்தது?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்*

ஒருவரைக் கைகாட்ட வேண்டுமென்றால் அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸைக் காட்டலாம். 1922இல், 58 வயதில், நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் இருந்த குடும்ப வீட்டில் தங்கி மேகங்களை எடுக்கத் தொடங்கினார். காரணத்தில் பாதி ரோஷம். அவர் எடுத்த மனிதர்களின் படங்கள் அத்தனை உயிரோடு இருப்பதற்கு, எதிரில் உட்காருபவரை அவர் வசியம் செய்துவிடுவதே காரணம் என்று ஓர் எழுத்தாளர் எழுதிவிட்டார். யாராலும் வசியம் செய்ய முடியாத, எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிற பொருள் எது? அண்ணாந்து பார்த்தார்.

முதலில் வந்த வரிசைகளுக்கு இசையை ஒட்டிப் பெயர் வைத்தார். 1925 முதல் வந்தவற்றை ‘ஈக்விவலன்ட்ஸ்’ என்றார். தமிழில் ‘நிகர்கள்’ எனலாம். படத்தில் இருப்பது மேகம்தான், ஆனால் எடுத்தவர் மனத்தில் அப்போது இருந்த நிலைக்கு அது நிகர் என்பது பொருள். 1934 வாக்கில் நிறுத்தியபோது இருநூறுக்கும் மேல் சேர்ந்திருந்தன. பலவற்றில் அடிவானமே கிடையாது. எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாது. சிலவற்றை அவரே திருப்பி வைத்தும் ஒட்டியிருக்கிறார். பெரும்பாலானவை 4×5 அங்குலம், உள்ளங்கை அளவு.

இதில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். கொழும்பில் பிறந்த, தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1924இல் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் அங்கே போய்ச் சேர்ந்தது அவர் முயற்சியால். ஒளிப்படத்தைக் கலைப்பொருளாக ஒரு பெரிய அமெரிக்க அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்ட தொடக்க காலச் சம்பவங்களில் அது ஒன்று. இந்தியச் சிற்பத்தை உலகத்துக்கு விளக்கியவருக்கு இந்தப் படங்களும் பிடிபட்டதில் ஆச்சரியமில்லை.

‘சாமி இல்லையே’ என்கிறீர்கள். உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று சொல்கிறது நம் சைவ மரபு. லிங்கத்துக்குக் கண், மூக்கு கிடையாது, ஆனால் அது ஒன்றுமில்லாததும் அல்ல. நல்ல அப்ஸ்ட்ராக்ட் இயற்கைப் படமும் அந்த மூன்றாவது இடத்தில்தான் நிற்கிறது. கல் கல்லாகவே இருக்கிறது, ஆனால் ‘கல்’ என்று சொல்லிவிட்டு நகர முடிவதில்லை.

அப்படியானால் ஃபோகஸை விட்டுவிட்டு மங்கலாக எடுத்தால் போதுமே?
*– கல்லூரி மாணவர், கரூர்*

போதாது. மங்கல் படத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, அதனால் கண் மூன்று விநாடியில் வெளியே வந்துவிடும். கூர்மையாக இருந்தும் பெயர் சொல்ல முடியாத படம்தான் ஆளை நிறுத்திவைக்கும். மரப்பட்டை, காய்ந்த சேறு மாதிரித் தட்டையான பொருளை எடுக்கும்போது கேமராவின் பின்பக்கத்தை அந்தப் பரப்புக்கு இணையாக வையுங்கள். சற்றே சாய்ந்தாலும் ஒரு ஓரம் மழுங்கும். அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப் 8 முதல் 11 வரை; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். ‘எல்லாம் கூர்மையாக வரட்டும்’ என்று எஃப் 22க்குப் போனால், சின்னத் துளையில் ஒளி சிதறி மொத்தப் படமுமே மென்மையாகிவிடும்.

கடவுள் வண்ணத்தில் படைத்ததை ஏன் கறுப்பு-வெள்ளையாக்க வேண்டும்?
*– வாசகி, சேலம்*

வண்ணம் பொருளின் பெயரை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. பச்சை என்றால் இலை, நீலம் என்றால் வானம். பெயர் தெரிந்ததும் கண் வேலையை முடித்துக்கொள்கிறது. வண்ணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெளிச்சம், நிழல், சொரசொரப்பு, கோடு. பெயரைத் தேடுவதற்காகக் கண் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றும்.

ஆனால் வண்ணத்தை எடுத்தால் மட்டும் படம் ஆகிவிடாது. எந்த வண்ணம் எவ்வளவு சாம்பலாக மாற வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய எமல்ஷன்கள் (ஃபிலிமின் ஒளியுணர் பூச்சு) நீலத்துக்கு மட்டும் அதிகமாக உணர்வு காட்டியதால் வானம் வெறும் வெள்ளையாக விழுந்து, மேகம் அதில் காணாமல் போனது. எல்லா வண்ணத்துக்கும் உணர்வுள்ள பான்குரோமாட்டிக் எமல்ஷன் புழக்கத்துக்கு வந்ததும் ஸ்டீக்லிட்ஸுக்கு வேலை எளிதானது.

ஃபிலிமில் நீல வானத்தை மெல்ல இருட்டாக்க மஞ்சள் ஃபில்டர் (ஒரு ஸ்டாப் கூடுதல் எக்ஸ்போஷர்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), கரியாக்க 25ஆம் எண் சிவப்பு ஃபில்டர் (மூன்று ஸ்டாப்). சிவப்பு போட்டால் இலைகளும் கறுத்துவிடும். அவை வெளுக்க வேண்டுமென்றால் பச்சை ஃபில்டர். டிஜிட்டலில் இதையே மென்பொருளின் வண்ண ஸ்லைடர்களில் செய்யலாம். நீல ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இழுத்துவிடாதீர்கள். வானத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சலும், மலை விளிம்பில் வெள்ளைக் கோடும் கிளம்பும். பாதியில் நிறுத்தினால் தப்பிக்கலாம்.

உப்பளத்தில் எடுத்தேன். நேரில் கண்ணைக் கூசிய உப்புக் குவியல் படத்தில் சிமென்ட் குவியல் மாதிரி இருக்கிறது. கேமரா பழுதா?
*– வாசகர், தூத்துக்குடி*

கேமரா சரியாகத்தான் இருக்கிறது. கேமராவின் ஒளி மீட்டருக்கு உப்பும் தெரியாது, கரியும் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுச் சாம்பல் என்று நினைத்துத்தான் கணக்குச் சொல்லும். உப்பைக் காட்டினால் இருட்டாக்கும், கரும்பாறையைக் காட்டினால் வெளுக்கும்.

இதற்குத்தான் அமெரிக்க ஒளிப்படக்காரர்களான ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ஜோன் சிஸ்டம்’ வகுத்தார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச் சாம்பல் 5. ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். வெளிச்சம் பட்ட, ஆனால் மணிமணியாகத் தெரிய வேண்டிய உப்பு 7இல் உட்கார வேண்டும். நிழலில் இருந்தும் சொரசொரப்புத் தெரிய வேண்டிய பாறை 3இல்.

உங்கள் உப்புக்கு வருவோம். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வெயில் பட்ட குவியலின் மேல் வைக்கிறீர்கள். எஃப் 11, 1/250 விநாடி என்கிறது. அது உப்பை 5இல் வைக்கும் கணக்கு, அதாவது உங்கள் சிமென்ட். 7க்குக் கொண்டுபோக இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள்: 1/125, 1/60. அவ்வளவுதான். பாறை இடுக்கு என்றால் எதிர்த்திசை. மீட்டர் 1/15 சொன்னால் 3இல் வைக்க 1/60.

டிஜிட்டலில் ஒரு எச்சரிக்கை. வெளுப்பு ஒரு எல்லையைத் தாண்டியதும் சென்சார் எதையும் பதியாது. பிறகு எந்த மென்பொருளாலும் உப்பின் மணிகளை மீட்க முடியாது. அதனால் முதலில் ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுத்து, ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளுப்பை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது சுவரில் மோதாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் ஃபிலிம் வெளுப்பில் தாராளமாக விட்டுக்கொடுக்கும், நிழலில் கறாராக இருக்கும். ஆகவே ஃபிலிமில் நிழலுக்கு அளவெடுங்கள், டிஜிட்டலில் வெளுப்புக்கு.

நேரம்: சூரியன் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள். பக்கவாட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் உப்பு மணிக்கு நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் எந்த ஜோனில் வைத்தும் பயனில்லை.

ஆன்மிகக் கேள்விக்கு இவ்வளவு கணக்கா என்று சிலருக்குத் தோன்றும். மேலே சொன்ன லிங்கத்தைச் செதுக்குபவரும் நூல் பிடித்துத்தான் செதுக்குகிறார்.

பாறையில் அச்சு அசலாகப் பிள்ளையார் தெரிகிற படம் ஒன்று கிடைத்தது. இதுதானே ‘நிகர்’?
*– வாசகர், திருவண்ணாமலை*

இல்லை. பிள்ளையார் தெரிந்த அந்த நொடியே படம் ‘கண்டுபிடி’ விளையாட்டாகிவிடுகிறது. தும்பிக்கை இங்கே, காது இங்கே, முடிந்தது. முகங்களைத் தேடிப் பிடிப்பது மூளையின் பழக்கம், அதில் தவறில்லை. வீட்டில் மாட்டிக் கும்பிடுங்கள். ‘நிகர்’ வேண்டுமானால் அதே பாறையில் தும்பிக்கை துண்டாகும்படி இரண்டு அடி நகர்ந்து இன்னொன்று எடுத்துப் பாருங்கள்.

மைனர் வொய்ட் என்பவர் தியானம் செய்துவிட்டுத்தான் படம் எடுப்பாராமே? நாங்கள் எப்படிப் பழகுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
*– ஒளிப்படக் குழு ஒன்று, புதுச்சேரி*

அமெரிக்க ஒளிப்படக்காரர் மைனர் வொய்ட் (1908–1976) தாவரவியல் படித்தவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் இருந்தார், அங்கேயே கத்தோலிக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1946இல் ஸ்டீக்லிட்ஸைச் சந்தித்து ‘நிகர்’ என்ற எண்ணத்தைச் சுவீகரித்துக்கொண்டார். 1952இல் ‘அப்பர்ச்சர்’ ஒளிப்பட இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் ஆசிரியரும் அவரே. 1965 முதல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் கற்பித்தார். பிற்காலத்தில் ஜென், ஆன்மிக ஆசான் குர்ஜீஃபின் போதனை, சீனத்துக் குறிநூலான ஐ சிங் எல்லாம் அவரிடம் ஒன்றாகக் கலந்தன. அந்தக் கலவை எல்லோருக்கும் ஒத்துவராது, வர வேண்டியதும் இல்லை. பயிற்சி மட்டும் உறுதியானது. மாணவர்களைக் கண்மூடி உடலைத் தளர்த்தி உட்காரச் செய்வார், பிறகு கண் திறந்து ஒரே படத்தை நெடுநேரம் பார்க்கச் சொல்வார்.

வெளியில் செய்வதற்கு ஏற்ற மாதிரி ஒரு முறை இதோ. மொத்தம் ஒரு மணி நேரம். ஒரே லென்ஸ், 50 எம்எம் போதும். ஜூம் இருந்தால் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். செல்போன் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இருபது அடி சதுரத்துக்குள் ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். வற்றிய ஏரி, ஆற்று மணல், மரத்தடி எதுவானாலும் சரி. எல்லை தாண்டக் கூடாது.

முதல் பத்து நிமிடம் கேமரா பைக்குள். உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள், பாதி நேரம் கண் மூடியே இருக்கட்டும். அடுத்த பத்து நிமிடம் கண் திறந்து, எதிரில் இருப்பவற்றை மனதுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே வாருங்கள்: விரிசல், சருகு, எறும்பு, கூழாங்கல். ஏழெட்டு நிமிடத்தில் பெயர்கள் தீர்ந்து சலிப்பு வரும். பெரும்பாலோர் இங்கேதான் எழுந்துவிடுகிறார்கள், எழுந்ததும் கண்டதையெல்லாம் சுடுகிறார்கள். எழாதீர்கள். பெயர் தீர்ந்த பிறகுதான் கண் கோடுகளை எடுக்கத் தொடங்கும். காய்ந்த சேற்றில் ஒவ்வொரு ஓடும் விளிம்பில் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். சாய்ந்த வெயில் அந்தச் சுருளில் மட்டும் பட்டு மயிரிழை அளவு வெள்ளைக்கோடு தரும், அதற்கு ஒட்டினாற்போல் விரிசலுக்குள் கும்மிருட்டு. இது முதல் பார்வையில் யாருக்கும் தெரிவதில்லை.

மீதி நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு படம். ஒன்றுகூட அதிகம் கூடாது. கேமராவில் மோனோகுரோம் காட்சியை வைத்து ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை மாற்றாமல் வைக்கும் வடிவம்) சேமியுங்கள். திரையில் கறுப்பு-வெள்ளை தெரியும், ஃபைலில் வண்ணத் தகவல் அப்படியே இருக்கும். எடுத்ததும் திரையில் பார்க்கும் வழக்கத்தை அணைத்து வையுங்கள். ஹிஸ்டோகிராமை முதல் படத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து பார்த்தால் கவனம் எதிரில் இருப்பதிலிருந்து ‘நான் எடுத்தது எப்படி’ என்பதற்குத் தாவிவிடும். அதன் பிறகு உட்கார்ந்ததெல்லாம் வீண்.

குழுவாகச் செய்தால் பேசாதீர்கள். படங்களை அன்றைக்கே பார்க்கவும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, எடுத்த நேரத்து உற்சாகம் வடிந்த பிறகு பாருங்கள். இது வழிபாட்டுக்கு மாற்று என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சும்மா இருக்கப் பழகுவதற்குக் கேமரா ஒரு சாக்கு, அந்த அளவில் நன்றாகவே வேலை செய்கிறது.

செல்போனில் முடியுமா?
*– வாசகி, மதுரை*

முடியும். ப்ரோ மோடில் ரா அல்லது டிஎன்ஜி (அதுவும் ரா வகைதான்) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், தானியங்கி எச்டிஆரை அணையுங்கள். எச்டிஆர் நிழலைத் தூக்கி, வெளுப்பை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே சாம்பலாக்கிவிடும். இந்த வகைப் படத்துக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. டிஜிட்டல் ஜூம் வேண்டாம், நடந்து போங்கள்.

கடல் அலையைப் பனிமூட்டம் மாதிரி எடுக்க முயன்றேன். ஒன்று வெள்ளையாக வெந்துபோகிறது, இல்லையென்றால் ஆட்டம் காண்கிறது.
*– வாசகர், நாகர்கோவில்*

வெந்துபோவது கணக்குப் பிழை. பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வண்ணத்தை மாற்றாமல் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். ஃபில்டர் இல்லாமல் 1/60 என்றால் ஃபில்டருடன் 16 அல்லது 17 விநாடி. முதலில் ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து மேனுவலில் பூட்டுங்கள், அளவெடுங்கள், அதன் பிறகு ஃபில்டரைப் போடுங்கள். எஸ்எல்ஆர் கேமராவானால் பார்க்கும் துளையை மூடுங்கள். நீண்ட எக்ஸ்போஷரில் அதன் வழியாகவும் ஒளி கசியும். ஃபிலிமில் எடுத்தால் இன்னொரு கூட்டல் உண்டு. நேரம் நீள நீள ஃபிலிம் மந்தமாகும். இல்ஃபோர்டு நிறுவனத்தின் எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் 17 விநாடிக்கு 40 விநாடி கொடுக்க வேண்டிவரும்.

ஆட்டம் காண்பது மணலால். ட்ரைபாட் கால்களை முதலிலேயே அழுத்தி இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் அலை வந்து அடியில் மணலை அரிக்கும்போது கேமரா மெல்லச் சாயும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். ஒவ்வொரு நாலு படத்துக்கும் ஃபில்டரில் உப்புத் திவலை படிந்திருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் அடுத்த மாதம் பூட்டு திறக்காது.

எங்கள் கருத்து: முப்பது விநாடிப் பால்கடல் அலுத்துவிட்டது. கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை கொடுத்துப் பாருங்கள். இதற்கு மூன்று அல்லது ஆறு ஸ்டாப் ஃபில்டர் போதும். நுரை இழை இழையாக நிற்கும், தண்ணீர் போன திசையும் தெரியும்.

வீட்டிலேயே ஃபிலிம் கழுவுகிறேன். கோடையில் நெகட்டிவ் முழுக்க வெடிப்பு வெடிப்பாக வருகிறது. இதுவே ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்று வைத்துக்கொள்ளலாமா?
*– வாசகர், வேலூர்*

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த தடவை நீங்கள் கேட்கும்போது அது வராது! அந்த வெடிப்பு, ரசாயனங்களின் வெப்பநிலை ஒன்றுக்கொன்று அதிகமாக மாறுவதால் ஃபிலிம் பூச்சிலுள்ள ஜெலட்டின் சுருங்குவது. டெவலப்பரைக் குளிரவைத்துவிட்டு, 32 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் அலசியிருப்பீர்கள்.

எச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்து 20 டிகிரியில் கழுவ 13 நிமிடம். வேலூர் வெயிலில் 20ஐப் பிடித்துவைப்பது பெரும்பாடு. 24இல் வைத்து ஏறத்தாழ 9 நிமிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பர் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்துவது) பாட்டில்களோடு அலசும் தண்ணீர் பாட்டிலையும் அதில் நிறுத்துங்கள். ஐஸைப் பையில் கட்டி டப்பாவில் போடுங்கள், டெவலப்பருக்குள் அல்ல, நீர்த்துவிடும். எல்லாம் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். 30இல் அப்படியே கழுவினால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போகக்கூடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் டெவலப்பர் எல்லா இடத்திலும் சமமாக வேலை செய்யாது, வானத்தில் திட்டுத் திட்டாக விழும். நிமிடத்துக்கு நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீரின் உப்பு காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதுவும் ‘நட்சத்திரம்’ ஆகிவிடப் போகிறது.

பத்துப் படம் தேறிவிட்டது. எப்படி அடுக்குவது, எந்த அளவில் பிரிண்ட் போடுவது?
*– வாசகி, கோயம்புத்தூர்*

5×7 அங்குலம். கையில் பிடித்துப் பார்க்கும் அளவு. பெரிதாக்கினால் அலங்காரப் பொருளாகிவிடும் என்பது எங்கள் அபிப்பிராயம், மறுப்பவர்களும் உண்டு. சாதாரண லேபில் வண்ணக் காகிதத்தில் போட்டால் லேசாகப் பச்சையோ இளஞ்சிவப்போ அடிக்கும். முதலில் ஒன்றை மட்டும் போட்டு, வீட்டு எல்இடி விளக்கில் அல்ல, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேட் காகிதத்தில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது. ஆகவே ஜோன் 0, 1இல் நிற்கிற இருட்டை நம்பிய படமானால் பளபளப்புக் காகிதம்தான் சரி.

வொய்ட் தனிப்படத்தைவிட வரிசையையே பெரிதாக நினைத்தார். ஜென் மரபின் ‘ஒரு கையின் ஓசை’ப் புதிரைத் தலைப்பாக்கி ஒரு வரிசையே அமைத்திருக்கிறார். பத்தையும் தரையில் பரப்புங்கள். பொருளை வைத்து அடுக்காதீர்கள்: மேகத்துக்கு அடுத்து மேகம் வந்தால் ஆல்பம். ஒரு படத்தின் கோடு எந்த ஓரத்தில் வெளியேறுகிறதோ, அதே உயரத்தில் அடுத்த படத்துக்குள் நுழையும்படி வைத்துப் பாருங்கள். பாறை விரிசல் முடிகிற இடத்தில் மேகத்தின் விளிம்பு தொடங்கலாம். எந்தப் படத்தை எங்கே வைத்தாலும் தனியாகக் கூச்சல் போடுகிறதோ, அதை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது உங்களுக்கு மிகவும் பிடித்த படமாக இருக்கும். பத்து ஏழாகலாம்.

‘மோனம்’, ‘ஆத்ம தரிசனம்’ என்று தலைப்பு வைக்கலாமா?
*– அதே வாசகி*

வேண்டாம். இடம், மாதம், எண் போதும்: ‘உப்பளம், மார்ச், 4’.